இருபத்திரண்டு யூனிட்

இன்று காலை பொங்கோல் வீட்டுச் சமையலறையில் என் கணவருக்கு இன்சுலின் பேனாவைத் தயார் செய்துகொண்டிருந்தேன். ஊசியைப் பொருத்தி, உள்ளே இருக்கும் காற்று போவதற்காக இரண்டு யூனிட் திருகி அழுத்தியபோது ஒரு துளி என் விரலில் விழுந்தது. அந்த வாசனை உனக்குத் தெரியும். அப்போதுதான் பிரித்த பிளாஸ்டரும் கழுவிவிட்ட ஆஸ்பத்திரித் தரையும் கலந்த மாதிரி ஒரு வாசனை. நாம் இருவரும் தாதிகளாக வார்டில் சேர்ந்த முதல் வாரம், நீ மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "உசிரக் காப்பாத்துற மருந்துக்கு இன்னும் கொஞ்சம் நல்ல வாசனை போட்டிருக்கலாம்" என்றாய்.

அவருக்குப் போன மாதம்தான் இன்சுலின் ஆரம்பித்தது. மாத்திரையில் அடங்கவில்லை. பேனாவை அவர் கையில் கொடுத்து, மேலே எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னேன்.

"வீட்டுலயும் வார்டு நடத்துறியா?" என்றார்.

"படிங்க."

படித்தார். மருந்தின் பெயர், யூனிட், பேனாவைத் திறந்த தேதி. பிறகு வயிற்றில் போட்டுக்கொண்டு, பத்து எண்ணிவிட்டு ஊசியை எடுத்தார். நேற்று வலப்பக்கம், இன்று இடப்பக்கம். எல்லாம் ஒழுங்காகச் செய்கிறார். அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு விரலைக் கழுவாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். நமக்குள் நடந்த பெரிய விஷயம் ஒன்றுதான். அங்கேயே தொடங்குகிறேன்.

கார்கோ அங்கிளை நீ மறந்திருக்க மாட்டாய். அவர் பெயரைவிட நாம் வைத்த பெயர்தான் வார்டு முழுக்கப் புழங்கியது. சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் முப்பது வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். வலது கால் பெருவிரலில் ஆறாத புண்ணோடு வந்து சேர்ந்தார். சர்க்கரை ஏறிப்போயிருந்தது. இன்சுலின் போட்டால்தான் புண் ஆறும் என்று மருத்துவர் சொல்ல, அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "வேணாம் மிஸ்ஸி" என்று நம்மிடம் சொன்னார். தாதிகள் எல்லாருமே அவருக்கு மிஸ்ஸிதான்.

"எங்க அக்காவுக்கும் இப்படித்தான். இன்சுலின் போட்டாங்க, அப்புறம் கால எடுத்துட்டாங்க. இன்சுலின் வந்தா கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

நானாக இருந்தால் அது தப்பான எண்ணம் என்று சொல்லி, கையில் ஒரு கையேட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போயிருப்பேன். நீ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

"அங்கிள், அக்காவுக்கு இன்சுலின் போட்டதாலயா கால எடுத்தாங்க? இல்ல, அவங்க ரொம்ப லேட்டா போட ஆரம்பிச்சாங்களா?"

போர்வை கொஞ்சம் கீழே இறங்கியது. அடுத்த இரண்டு நாளும் உன் இடைவேளை நேரத்தில் அவரிடம் போனாய். எதற்கு இரண்டு விதமான இன்சுலின் என்று அவர் கேட்டபோது நீ சொன்ன விளக்கத்தை நான் இன்றைக்கும் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

"ஒண்ணு, இருபத்திநாலு மணி நேரமும் கேட்ல நிக்கிற செக்யூரிட்டி மாதிரி. நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடலைன்னாலும் அது மெதுவா வேலை பாத்துக்கிட்டே இருக்கும். இன்னொண்ணு, பிளேன் எறங்குறப்ப மட்டும் ஓடி வர்ற ஆளுங்க. சாமான எறக்கிட்டுப் போயிடுவாங்க. உங்க சாப்பாடுதான் பிளேன்."

"பிளேனே வரலைன்னா?"

"அந்த ஆளுங்களக் கூப்பிடக் கூடாது. சும்மா வந்து நின்னா ரத்தத்துல இருக்கிற சக்கரையத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. கை நடுங்கும், வேர்க்கும், மயக்கம் வரும்."

அவர் முதல் முறையாகச் சிரித்தார். மூன்றாம் நாள் சம்மதித்தார்.

அது நடந்தது அதற்கு மறுநாள். காலை ஏழரை மணி, உணவுத் தட்டுகள் வந்துகொண்டிருந்தன. அங்கிளுக்கு இரண்டு பேனா. நீண்ட நேரம் வேலை செய்வதில் இருபத்திரண்டு யூனிட், சாப்பாட்டுக்கு முன் போடும் வேகமானதில் ஆறு யூனிட். இன்சுலின் என்றால் இரண்டு தாதியர் பார்க்க வேண்டும் என்பது விதி. ஒருவர் தயார் செய்ய, மற்றவர் தனியாக மருந்துச் சீட்டையும் பேனாவையும் யூனிட்டையும் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். நான் எதிர்ப் படுக்கையில் ஒரு பாட்டியின் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நீ பேனாவைத் தூக்கிக் காட்டி, "இருபத்திரண்டு" என்றாய். திருகிய எண் மட்டும் எனக்குத் தெரிந்தது. வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனேன். பேனாவில் எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை.

நீ ஊசியைப் போட்டாய், பத்து எண்ணினாய், அடுத்த பேனாவுக்காக மருந்துத் தட்டில் கை வைத்தாய். அப்போது உன் முகம் மாறியதை நான் எதிர்ப்பக்கத்திலிருந்தே பார்த்தேன். தட்டில் மிச்சம் இருந்தது நீண்ட நேரப் பேனா. நீ போட்டது வேகமானதில் இருபத்திரண்டு யூனிட். ஆறு யூனிட் போக வேண்டிய இடத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு.

நான் ஓடி வந்தேன். முதலில் என் கண் போனது கையெழுத்துப் போட்ட தாளுக்கு. நீ அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

"அங்கிள், எப்படி இருக்கு?" என்று கேட்டாய். "நல்லா இருக்கேனே" என்றார். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தாய். இன்னும் இறங்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் இழுத்து வைத்துவிட்டுப் படுக்கையை விட்டு இரண்டடி தள்ளி வந்தாய். நான் உன் கையைப் பிடித்தேன்.

"சாப்பிடுறார்ல. சரியாயிடும். நாமளே அடிக்கடி சக்கரை பாத்துக்கலாம். இப்பப் போய்ச் சொன்னா அவர் இனிமே ஊசியே வேணாம்னு சொல்லிடுவார். மூணு நாள் கஷ்டப்பட்டு ஒத்துக்க வெச்சிருக்க."

அது அவருடைய நன்மைக்காகச் சொன்னது போலத்தான் எனக்கே கேட்டது. உண்மையில் என் பயமெல்லாம் அந்தக் கையெழுத்தைப் பற்றியது. எனக்குப் பதவி உயர்வுக்கான நேர்காணல் அடுத்த மாதம் இருந்தது.

நீ கையை விடுவித்துக்கொண்டாய். கோபமாகக்கூட இல்லை. "அது உள்ள போயிடுச்சு டீ. நாம சொன்னாலும் சொல்லாட்டியும் அது வேலை செய்யும்" என்றாய். மருத்துவரை நீயே அழைத்தாய். பிறகு நர்ஸ் மேனேஜர் அறைக்குத் தனியாக நடந்து போனாய்.

மருத்துவர் வந்து குளுக்கோஸ் டிரிப் ஏற்பாடு செய்தார். கால் மணிக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு நீ செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அங்கிளிடம் போய் நேராகச் சொன்னாய்.

"அங்கிள், நான் தப்பு பண்ணிட்டேன். பேனா மாத்திப் போட்டுட்டேன். பிளேன் எறங்குறப்ப ஆறு பேர் போதும்னு சொன்னேன்ல? இருபத்திரண்டு பேர ஒண்ணாக் கூப்பிட்டுட்டேன். கொஞ்ச நேரத்துல உங்க சக்கரை எறங்கும். நான் இங்கயே நிக்கிறேன். வேர்த்தா, படபடன்னு வந்தா, உதடு மரத்த மாதிரி இருந்தா உடனே சொல்லணும்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். உன்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப நிறைய பிளேன் எறக்கணும்" என்றார். "இன்னொரு ரொட்டி கொண்டாங்க."

நான்குக்குக் கீழே போகக் கூடாத சர்க்கரை ஒன்பது மணிக்கு அவருக்கு மூன்றரைக்கு இறங்கியது. சட்டை நனைந்துவிட்டது. கை நடுங்கியதில் குவளையைப் பிடிக்க முடியவில்லை. நீ பிடித்துக்கொண்டு குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்க வைத்தாய். டிரிப்பின் வேகத்தை மருத்துவர் கூட்டினார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது ஐந்தைத் தாண்டியிருந்தது. இன்னும் ஒருமுறை இறங்கி, மறுபடி ஏறி, மதியத்துக்கு மேல் நிலைக்கு வந்தது. அவர் தூங்கிப்போனார். நீ அந்தப் படுக்கையை விட்டு நகரவே இல்லை. அது நோன்பு மாதம். உனக்கு உட்காரக்கூட இடம் கொடுக்காத வேலைநாள்.

நர்ஸ் மேனேஜர் நல்ல மனுஷி. உன்னிடம் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார், நோன்பு இருப்பதால் களைப்பாக இருந்ததா என்று. உனக்கு அங்கே ஒரு கதவைத் திறந்துவிட்டார். இல்லை என்றாய். காலை ஏழரை மணிக்கு யாருக்கும் பசிக்காது, இரண்டு பேனாவையும் ஒரே தட்டில் வைத்தேன், பெயரைப் படிக்கவில்லை, அதுதான் காரணம் என்றாய். வெளியே வந்ததும் என்னிடம், "நோன்ப இதுல இழுக்க விடமாட்டேன்" என்றாய். அப்போதுதான் உன் குரலில் முதல் முறையாகக் கொஞ்சம் சூடு.

சம்பவ அறிக்கை எழுத வேண்டும். நீ உன் பகுதியைக் கணினியில் எழுதிவிட்டு நாற்காலியை எனக்கு விட்டாய். "உன்னோட பகுதிய நீயே எழுது. உனக்காக நான் எழுதவும் மாட்டேன், மறைக்கவும் மாட்டேன்." எழுதினேன். மூன்று வரிக்கு நாற்பது நிமிடம் ஆனது. நாம் இருவரும் ஒரு மாதம் வேறொருவர் பார்வையில்தான் இன்சுலின் போடலாம் என்று சொன்னார்கள். மறுபடி தேர்வு எழுதச் சொன்னார்கள். என் நேர்காணல் தள்ளிப் போனது.

நான் உன்னோடு பேசுவதை நிறுத்தினேன். நீ மார்சிலிங்கில் ரயில் ஏறி வருவாய், நான் ஈசூனில் ஏறுவேன், மூன்றாவது பெட்டி என்பது நம் ஏற்பாடு. அந்த நாட்களில் நான் கடைசிப் பெட்டியில் ஏறினேன். நீ என்னைத் தேடி வரவில்லை. அதற்கும் உன்மேல் கோபப்பட்டேன்.

ஆனால் அங்கிள் விஷயத்தில் நான் சொன்னது பொய்யாகிப் போனது. மறுநாள் காலை வேறொரு தாதி பேனாவோடு போனபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நேத்துத் தப்பு பண்ணேன்னு சொன்ன பிள்ளை எங்க? அது வரட்டும்."

"அவங்க தனியாப் போட முடியாது அங்கிள், கூட ஒரு சீனியர் இருக்கணும்."

"ரெண்டு பேரும் வாங்க. நாலு பேர் வந்தாலும் சரி. அந்தப் பிள்ளைதான் போடணும்."

இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டுக்குக் கிளம்பும் நாள். புண் சுருங்கியிருந்தது. தானே போட்டுக்கொள்ளத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அன்று நானும் பணியில் இருந்தேன். ஒவ்வொன்றாகச் செய்தார். கை கழுவினார், புது ஊசி மாட்டினார், காற்றை வெளியேற்றினார், எண்ணைத் திருகினார். பிறகு கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு பேனாவின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். உன்னிடம் காட்டினார். நீ சரி என்றதும், திரும்பி என் பக்கம் நீட்டினார்.

"மிஸ்ஸி, நீங்களும் படிங்க. ஒருத்தர் பாத்தாப் பத்தாது."

அவருக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியாது. அன்று கையெழுத்துப் போட்டது யார் என்று நீ சொல்லியிருக்கவே இல்லை. நான் படித்தேன். குரல் உடைந்தது. போர்வை அடுக்கி வைக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நீ வந்து ஒரு தலையணை உறையை எடுத்து நீட்டினாய், முகம் துடைக்க. "வேலை முடிஞ்சதும் தேக்காவுக்கு வா" என்று மட்டும் சொன்னாய்.

தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைகளில் அன்று மாலை உட்கார இடமில்லை. நோன்பு திறக்கக் காத்திருந்தவர்களோடு ஒரு மேசையைப் பகிர்ந்துகொண்டோம். பிரியாணிப் பொட்டலம் ஆறிக்கொண்டிருந்தது. நேரம் வந்ததும் நீ பேரீச்சம்பழத்தைப் பிட்டுப் பாதியை என்னிடம் கொடுத்தாய்.

"தனியா மேனேஜர் ரூமுக்குப் போனப்ப உனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"பயமாத்தான் லா இருந்துச்சு. என் காலு நடுங்குச்சு. அவர் கை நடுங்குறதுக்கு முன்னாடி போயிடணும்னு நடந்தேன்."

பிறகு நீ சொன்னாய்: "நீ பாத்துப்பன்னு நம்பி நான் வேகமாப் போனேன். நான் சரியாத்தான் எடுத்திருப்பேன்னு நம்பி நீ பாக்காம விட்ட. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் நம்புனோம். பேனாவ யாரும் படிக்கல."

நான் மன்னிப்புக் கேட்டேன். நீ பிரியாணியை என் பக்கம் தள்ளினாய். மறுநாள் நான் மூன்றாவது பெட்டியில் ஏறினேன்.

அதற்குப் பிறகு நமக்கு நல்ல காலம்தான். உன் மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் நீ வார்டை விட்டு வீட்டுக்கு வீடு போகும் தாதியானாய். மார்சிலிங் அடுக்குமாடி புளோக்குகளின் மின்தூக்கி எது எந்த மாடியில் நிற்காது என்பதெல்லாம் உனக்கு மனப்பாடம். கார்கோ அங்கிள் வீடும் உன் வட்டாரத்தில்தான். ஒருநாள் அங்கிருந்து போன் செய்து சிரித்துக்கொண்டே பேசினாய். கையிருப்புப் பேனாக்களை அவர் மீன் உருண்டைப் பொட்டலத்தோடு ஐஸ் பெட்டியில் வைத்திருந்தாராம். "உறைஞ்சா மருந்து செத்துப்போச்சு அங்கிள், ஃபிரிட்ஜுல கீழ் தட்டுல வைங்க, திறந்தத வெளியிலயே வெச்சுக்கலாம்னு சொன்னேன். அவர் கேக்குறார், அப்ப மீன் உருண்டைய எங்க வைக்கிறதுன்னு." அன்று அவர் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதம், விரலிடுக்கு எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாய். விரலிடுக்கில் இருந்த ஒரு சின்னக் கொப்புளத்தை அன்று நீ பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

போன வருடம் உன் வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நீதான் எனக்கு ஆறுதல் சொன்னாய். அதற்காகக் கொடுத்த ஸ்டீராய்ட் மருந்தால் உன் சர்க்கரை ஏறியது. உனக்கே இன்சுலின் வந்தது. விடுமுறை நாட்களில் நான் வந்து போட்டுவிடுவேன், மற்ற நாட்களில் உன் மகள். ஒருநாள் பேனாவைத் தூக்கி உனக்குக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் உனக்குத் தெரியவில்லை. "படி" என்றாய்.

பெயரைப் படித்தேன். யூனிட்டைப் படித்தேன்.

"திறந்த தேதி?"

அதை நான் பார்த்திருக்கவில்லை. பார்த்தேன். திறந்த பேனாவுக்கு நான்கு வாரம்தான் கெடு, அதற்கு மேல் ஒருநாள் ஆகியிருந்தது.

"தூக்கிப் போடு" என்றாய், கண்ணை மூடியபடியே. உன் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

கடைசி வாரங்களில் எண்களைத் துரத்த வேண்டாம், சர்க்கரை தாழாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நீ வட்டலப்பம் கேட்டாய். பழக்கத்தில் என் கை தயங்கியது. "இத்தன வருஷம் மத்தவங்க தட்டுலேருந்து இனிப்ப எடுத்திருக்கேன். எனக்கு ஒரு கரண்டி குடு" என்றாய். இரண்டு கரண்டி சாப்பிட்டாய். மூன்றாவதை எனக்கு ஊட்டிவிட்டாய்.

உன்னை எடுத்துப்போன அன்று கார்கோ அங்கிள் வந்திருந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார். புளோக்கின் கீழ்த்தளத்தில் ஆண்கள் கூட்டத்தில் நின்றிருந்தவர், எல்லாம் முடிந்து மாலையில் மறுபடி வந்து என்னைத் தேடினார். இரண்டு காலிலும் செருப்பு. அதைத்தான் முதலில் கவனித்தேன்.

"அந்தப் பிள்ளை அன்னிக்கு என்கிட்ட மறைச்சிருந்தா, எப்படியும் எனக்குத் தெரிஞ்சிருக்கும் மிஸ்ஸி. வேர்வையும் நடுக்கமும் பொய் சொல்லாது. இன்சுலின்தான் விஷம்னு நெனச்சு அன்னிக்கே விட்டிருப்பேன். காலும் போயிருக்கும்."

அன்று கையெழுத்துப் போட்டது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். "தெரியும். கிளம்புற அன்னிக்கு நீங்க படிச்ச குரல்லயே தெரிஞ்சுது" என்றார்.

நான் இப்போது மூன்று வார்டுகளுக்கு நீரிழிவுப் பராமரிப்புத் தாதி. புதிதாகச் சேருகிறவர்களிடம் என் தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால்தானோ என்னவோ, அவர்கள் என்னிடம் வருகிறார்கள். போன வாரம் ஒருத்தி வந்தாள். வேலையில் சேர்ந்து நான்கு மாதம். ஒரு நோயாளிக்கு வேக இன்சுலினைப் போட்டுவிட்டாள், அவரை ஸ்கேனுக்கு அழைத்துப் போனதால் சாப்பாடு வரவில்லை, இப்போதுதான் நினைவுக்கு வந்ததாம். அழுதுகொண்டே, யார் கையெழுத்துப் போட்டார்கள், என்ன மணி, யார் சொல்லாமல் விட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அவள் தோளில் கை வைத்து நிறுத்தினேன்.

"அதெல்லாம் அப்புறம். அவர் இப்ப எப்படி இருக்கார்? வா, போய்ப் பாப்போம்."

இருவரும் ஸ்கேன் அறைக்கு வேகமாக நடந்தோம். குளுக்கோஸ் பாட்டிலை அவளே எடுத்துக்கொண்டாள்.